வானியற்பியல் முதல் பாடம்: ஒரு சூரியன், ஒரு நோட்டு

இயற்பியல் பட்டப்படிப்பில் வானியற்பியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கனவோடு வருகிறார்கள். கருந்துளை, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள், பெருவெடிப்பு. மூன்றாவது வாரம் பொலிவெண் (விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்) கணக்கு வரும்போது பாதிப் பேரின் முகம் வாடிவிடுகிறது. நான்காவது வாரம் சாகா சமன்பாடு வரும்போது, 'அண்ணா, மனப்பாடம் பண்ணிடலாமா?' என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். இந்தப் பாடத்தை நான் படித்தபோதும், பிறகு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. இதில் வரும் பெரிய எண்கள் ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே கணக்கிட்டு எடுக்க முடியும். சூரியனின் எடை, வயது, மையத்தின் வெப்பம் எதையும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அப்படிக் கணக்கிட்டு எடுத்த எண் மறக்காது. மனப்பாடம் செய்த எண் தேர்வு முடிந்த அன்று மாலையே போய்விடும்.

ஆகவே 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் 'சூரியன்' என்று எழுதுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நோட்டைச் சுற்றித்தான் போகும்.

படி 1: வகுப்பு தொடங்கும் முன்

கணிதத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எளிய வகையிடல், தொகையிடல், லாக், சிறு கோணத்துக்கு சைன் மதிப்பும் கோண மதிப்பும் ஒன்றே என்ற தோராயம். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். என் முதல் இன்டர்னல் தேர்வில் ஆர்க்செகண்டை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ரேடியனாக மாற்றாமல் அப்படியே போட்டேன். ஒரு விண்மீனின் ஆரம் பால்வெளி மண்டலத்தைவிடப் பெரிதாக வந்தது. அதைப் பார்த்தும் சந்தேகப்படாமல் அடிக்கோடு இட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு ரேடியனுக்கு 2,06,265 ஆர்க்செகண்ட். நோட்டின் பின் அட்டையில் இதை எழுதி வையுங்கள்.

இயற்பியலில் நான்கு இடங்களைத் தூசு தட்டுங்கள்: நியூட்டனின் ஈர்ப்பு விதி, கரும்பொருள் கதிர்வீச்சு, ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகள், நல்லியல்பு வாயுச் சமன்பாடு. முதல் பாடத்தின் முக்கால் பங்கு இந்த நான்கையும் பெரிய அளவில் பயன்படுத்துவதுதான். குவாண்டம் இயங்கியலும் சார்பியலும் அரைகுறையாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம்.

அலகுகள் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். கல்லூரிப் புத்தகங்கள் பெரும்பாலும் மீட்டர்-கிலோகிராமில் இருக்கும். வானியற்பியல் கட்டுரைகளும் பழைய பாடநூல்களும் சென்டிமீட்டர்-கிராமில் இருக்கும். சூரியனின் ஒளிர்திறன் ஒன்றில் 3.83 × 10²⁶ வாட், இன்னொன்றில் 3.83 × 10³³ எர்க்/நொடி. இரண்டு முறைகளையும் கலந்து எழுதினால் விடை பத்தின் ஏதோ ஓர் அடுக்கால் தள்ளிப்போகும், எங்கே தவறு என்று தேடியே நேரம் போய்விடும். கணக்கைத் தொடங்கும் முன் எந்த முறை என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: சூரியனை அளப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். இரண்டு மாலைகள் போதும்.

கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மதிய நேரத்தில் கூரையின் சிறு இடுக்கு வழியாக வெயில் இறங்கும். இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழும் வெளிச்சம் வட்டமாக இருக்கும். அது சூரியனின் பிம்பம். இடுக்கின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதையே கருவியாக்குங்கள். ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு வெயிலில் பிடியுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நிழலில் ஒரு வெள்ளைத் தாளை, ஒளிக்கதிருக்குச் செங்குத்தாக வையுங்கள். வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்தால் ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் வரும். தொலைவை விட்டத்தால் வகுத்தால் சுமார் 107. அதாவது சூரியனின் தொலைவு அதன் விட்டத்தைப்போல 107 மடங்கு. துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் நேரே பார்க்கவே கூடாது. தாளில் விழும் பிம்பத்தை மட்டும் பாருங்கள்.

அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று பாருங்கள்.

தொலைவு 1.496 × 10¹¹ மீட்டர். 107.5-ஆல் வகுத்தால் விட்டம் 1.39 × 10⁹ மீட்டர், ஆரம் அதில் பாதி: 6.96 × 10⁸ மீட்டர்.

வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் 1361 வாட். இதே ஆற்றல் சூரியனைச் சுற்றி நம் தொலைவில் வரையப்பட்ட கோளம் முழுவதும் விழுகிறது. 4 × பை × தொலைவின் வர்க்கம் × 1361. விடை 3.83 × 10²⁶ வாட்.

அதைச் சூரியனின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 6.3 கோடி வாட். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் மாறிலி 5.67 × 10⁻⁸-ஆல் வகுத்து நான்காம் மூலம் எடுங்கள். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் போதும். 5770 கெல்வின் வரும். தெர்மாமீட்டர் எட்டாத இடத்தின் வெப்பநிலை உங்கள் நோட்டில் வந்துவிட்டது.

நிறை? கெப்ளரின் மூன்றாம் விதி. 4 × பையின் வர்க்கம் × தொலைவின் கனம், அதை ஓர் ஆண்டின் நொடிகளுடைய வர்க்கத்தாலும் ஈர்ப்பு மாறிலியாலும் வகுக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடி. விடை 1.99 × 10³⁰ கிலோகிராம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கணக்கு. நிறையைக் கனஅளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் சமன்பாட்டை எண் போடாமல் குறிகளாகவே எழுதிப் பாருங்கள். தொலைவு தனியாக எங்கும் நிற்காது. தொலைவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே மிஞ்சும். அந்த விகிதம் 215, உங்கள் அட்டை தந்த 107.5-இன் இரு மடங்கு. ஆக சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே தெரியாத ஒருவர், ஓர் ஆண்டின் நீளத்தையும் தாளில் விழுந்த வெயில் வட்டத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் வைத்துச் சூரியனின் சராசரி அடர்த்தியைச் சொல்லிவிடலாம்: கன மீட்டருக்கு 1410 கிலோ. தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எண்களைக் கடைசி வரியில் மட்டும் போட வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதன் காரணம் இதுதான். குறிகளாக இருக்கும்போது எது ரத்தாகிறது என்று தெரியும். எண்ணாக மாற்றிவிட்டால் அது கண்ணில் படாது.

படி 3: பொலிவெண்ணும் தொலைவும்

பலரும் தடுக்கி விழும் இடம். ஒளி அதிகமானால் எண் குறையும், ஐந்து எண் வித்தியாசம் நூறு மடங்கு. இந்த நூறு மடங்கு அளவுகோலை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். அவரே 1861-இல் மதராஸ் வான்காணகத்துக்கு வந்து, 1891-இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்தார்.

சூத்திரத்தைப் பார்த்துப் பயப்படாமல் இரண்டு விதிகளை மட்டும் பழகுங்கள். ஐந்து எண் என்றால் 100 மடங்கு. ஓர் எண் என்றால் சுமார் 2.5 மடங்கு. சூரியன் −26.7, முழுநிலவு −12.7. வித்தியாசம் 14. பதினைந்து என்றால் நூறு, நூறு, நூறு, ஆகப் பத்து லட்சம் மடங்கு. அதில் ஓர் எண் குறைவு, எனவே 2.5-ஆல் வகுத்து 4 லட்சம். மனக்கணக்காகவே சூரியன் முழுநிலவைவிட 4 லட்சம் மடங்கு பிரகாசமானது என்று சொல்லிவிட்டோம். இப்படி இருபது கணக்கு செய்தபின் சூத்திரத்தைத் திறந்தால் அது பழகிய ஆளாக இருக்கும்.

தொலைவுக்கு இடமாறு தோற்றம். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் நகர்வதுபோல் தெரியும் அல்லவா, அதுதான். இங்கே இரண்டு கண்களுக்குப் பதில் பூமியின் சுற்றுப்பாதையில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு இடங்கள். கோணம் ஆர்க்செகண்டில் இருந்தால், ஒன்றை அதனால் வகுத்தால் தொலைவு பார்செக்கில். பிராக்சிமா சென்டாரிக்கு 0.768, ஆகவே 1.30 பார்செக், 4.24 ஒளியாண்டு. 1838-இல் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு முதன்முதலில் நம்பத்தகுந்த அளவு எடுத்தபோது அவர் அளந்த கோணம் ஓர் ஆர்க்செகண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இதைச் செய்துவிட்டது.

வான ஆயத்தொலைவுகள், அதாவது வானில் ஒரு விண்மீனின் இடத்தைச் சொல்லும் எண்கள், பாடத்தின் தொடக்கத்தில் வரும், சலிப்பாக இருக்கும். மாடிக்குப் போய் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுவே நீங்கள் நிற்கும் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. மீதியை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுக்கும்.

படி 4: நிறமாலை. இங்கே நிதானமாக

மார்கழி இரவில் கிழக்கே ஓரியன் கூட்டம் எழும். அதில் திருவாதிரை சிவப்பாகவும், எதிர் மூலையில் ரைகல் நீல வெண்மையாகவும் இருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும் இந்த நிற வித்தியாசம் வெப்பநிலை வித்தியாசம். வீன் விதியைப் போடுங்கள்: 2.898 × 10⁻³-ஐ வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம். திருவாதிரை சுமார் 3600 கெல்வின், உச்சம் 805 நானோமீட்டர், அகச்சிவப்பில். ரைகல் சுமார் 12,000, உச்சம் 240 நானோமீட்டர், புற ஊதாவில். சூரியன் 502.

இது எளிது. அடுத்து வருவதுதான் இந்தப் பாடத்தின் நெஞ்சுப் பகுதி. வேகா விண்மீனின் நிறமாலையில் ஹைட்ரஜனின் பாமர் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன. சூரியனில் அவை அவ்வளவு வலுவாக இல்லை, கால்சியம் கோடுகள்தான் ஓங்கி நிற்கின்றன. அப்படியானால் சூரியனில் ஹைட்ரஜன் குறைவா?

நோட்டை எடுங்கள். பாமர் கோடு உண்டாக வேண்டுமானால் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் முதலிலேயே இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். சூரியப் பரப்பின் வெப்ப ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மான் மாறிலி பெருக்கல் வெப்பநிலை, வெறும் 0.5 எலக்ட்ரான்வோல்ட். விகிதம் 20.5. போல்ட்ஸ்மான் காரணியைக் கணக்கிட்டு, இரண்டாம் நிலைக்கு நான்கு மடங்கு இடம் இருப்பதையும் சேர்த்தால், சுமார் 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் இரண்டாம் நிலையில் இருக்கிறது. வேகாவின் பரப்பு சுமார் 9600 கெல்வின். அங்கே இதே கணக்கு 57 ஆயிரத்தில் ஒன்று என்று வருகிறது. மூவாயிரம் மடங்குக்கும் மேல் அதிகம்! ஹைட்ரஜனின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், அதை நம் கண்ணுக்குக் காட்டும் வெப்பநிலை வேறு.

அப்படியானால் இன்னும் சூடான விண்மீனில் இன்னும் வலுவாக இருக்க வேண்டுமே? இல்லை, குறைந்துவிடுகிறது. எலக்ட்ரான் இரண்டாம் நிலையில் நிற்காமல் அணுவைவிட்டே ஓடிவிடுகிறது. எத்தனை அணுக்கள் அப்படி அயனியாகும் என்று சொல்வதுதான் மேகநாத் சாகா 1920-இல் கொடுத்த சமன்பாடு. போல்ட்ஸ்மான் ஒரு பக்கம் ஏற்றுகிறது, சாகா மறுபக்கம் இறக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் பத்தாயிரம் கெல்வினை ஒட்டி ஒரு மேடு வருகிறது. அந்த வரைபடத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். 5000 முதல் 15,000 வரை ஆயிரம் ஆயிரமாக எடுத்து, எலக்ட்ரான் அழுத்தம் 20 பாஸ்கல் என்று வைத்து, பதினொரு புள்ளிகளை உங்கள் கையால் குறியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும். ஆனால் அதன்பின் விண்மீன் வகைப்பாட்டின் எழுத்து வரிசையை (O, B, A, F, G, K, M) உருப்போட வேண்டியிருக்காது. அது வெப்பநிலை வரிசை என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கை நட்சத்திரங்கள் மீது முழுமையாகப் பிரயோகித்தவர் சிசிலியா பெய்ன். 1925-இல் முடித்த ஆய்வேட்டில் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிக மிக அதிகம் என்று அவருடைய கணக்கு சொன்னது. அன்றைய பெரியவர்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலின் கருத்தை ஏற்று, அந்த முடிவு அநேகமாக உண்மையாக இராது என்று அவரே ஆய்வேட்டில் எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சாகா சமன்பாட்டை ஒரு வரியாக மட்டும் படிப்பவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காமல் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

டாப்ளர் பெயர்ச்சிக்கு நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. 1909-இல் கொடைக்கானல் வான்காணகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு, 600 நானோமீட்டர் கோடு எவ்வளவு நகரும் என்று போட்டுப் பாருங்கள். 0.004 நானோமீட்டர். அவர் எவ்வளவு கூர்ந்து அளந்திருக்க வேண்டும் என்று அப்போது விளங்கும்.

படி 5: சூரியனுக்கு உள்ளே

விண்மீன் உள்ளமைப்பில் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் வரும். நான்கையும் தீர்க்கக் கணினி வேண்டும். ஆனால் தீர்க்காமலே அவற்றைப் பேசவைக்கலாம். வகைக்கெழு இருக்கும் இடத்தில் 'மொத்த வித்தியாசம் வகுத்தல் மொத்த நீளம்' என்று போடுங்கள். அழுத்தத்துக்கும் ஈர்ப்புக்கும் உள்ள சமநிலைச் சமன்பாட்டை இப்படிச் சுருக்கி வாயுச் சமன்பாட்டோடு சேர்த்தால், மைய வெப்பநிலை = ஈர்ப்பு மாறிலி × நிறை × துகளின் சராசரி நிறை, வகுத்தல் ஆரம் × போல்ட்ஸ்மான் மாறிலி. துகளின் சராசரி நிறையாகப் புரோட்டானின் 0.6 பங்கைப் போடுங்கள். எனக்கு 1.4 கோடி கெல்வின் வந்தது. பெரிய கணினி மாதிரிகள் சொல்வது 1.57 கோடி. ஐந்து நிமிட வேலைக்கு இதைவிட நல்ல கூலி இயற்பியலில் வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இதே குறுக்குவழியில் மைய அழுத்தத்தைக் கணக்கிட்டால் 10¹⁵ பாஸ்கல் வரும். உண்மை மதிப்பு அதைவிட இருபது மடங்குக்கும் மேல். காரணம், சூரியனின் நிறை மையத்தில் குவிந்திருக்கிறது, நாமோ சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டோம். எங்கே தோராயம் உடைகிறது, ஏன் உடைகிறது என்று எழுதிவைப்பதும் படிப்பின் பாதி.

அடுத்து வயது. 19-ஆம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சூரியன் சுருங்குவதால் ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். ஈர்ப்பு ஆற்றலை ஒளிர்திறனால் வகுத்தால் சுமார் 3 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளோ அதைவிட மிக மிகப் பழையவை. எனவே வேறு ஏதோ எரிகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாகிறது. மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அப்படி எரியும் என்று வைத்தால் 1000 கோடி ஆண்டு. சூரியனுக்கு இப்போது 460 கோடி வயது. கணக்கு பொருந்துகிறது.

இதே பக்கத்தில் இன்னொன்றையும் போடுங்கள். ஒளிர்திறனை நிறையால் வகுத்தால் ஒரு கிலோ சூரியன் எத்தனை வாட் தருகிறது? 0.0002. ஒரு கிலோ மனித உடல் ஒரு வாட்டுக்கு மேல் தருகிறது. அணுக்கரு இணைவு அவ்வளவு மெதுவானது. அதனால்தான் நமக்கு இத்தனை காலம் கிடைத்திருக்கிறது. நிறை அதிகமான விண்மீன்கள் இந்த நிதானத்தைக் கடைப்பிடிப்பதில்லை. ஒளிர்திறன் நிறையின் 3.5 அடுக்காக ஏறுவதால், பத்துச் சூரிய நிறை கொண்ட விண்மீனின் ஆயுள் சூரியனைப்போல் 316-இல் ஒரு பங்கு, சுமார் 3 கோடி ஆண்டுதான்.

படி 6: சந்திரசேகர் எல்லை

1930-இல் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போது சந்திரசேகர் இந்தக் கணக்கைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கணக்கு என்ன என்று கேட்டால்தான் பலர் விழிக்கிறார்கள். முழு வருவிப்பு முதுகலைக்கு வரும். சாரத்தை இப்போதே நான்கு வரியில் பிடித்துவிடலாம்.

விண்மீனைத் தாங்கத் தேவையான அழுத்தம், நிறையின் 2/3 அடுக்கு பெருக்கல் அடர்த்தியின் 4/3 அடுக்கு. வெண்குள்ளனில் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) எலக்ட்ரான்கள் தரும் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கு. 5/3 என்பது 4/3-ஐவிடப் பெரிது. ஆகவே விண்மீன் சுருங்கச் சுருங்கத் தாங்கும் கை வலுக்கிறது, ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் நெருக்கம் கூடக்கூட எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்குகிறது. அப்போது சார்பியல்படி அவற்றின் அழுத்தமும் 4/3 அடுக்காகக் குறைந்துவிடுகிறது. இரு பக்கமும் ஒரே அடுக்கு, அடர்த்தி ரத்தாகிவிடுகிறது, நிறை மட்டும் மிஞ்சுகிறது. இனி எவ்வளவு சுருங்கினாலும் பயனில்லை. நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் தாங்க ஆளில்லை. அந்த எல்லை 1.4 சூரிய நிறை.

மறுபடியும் அதேதான், அடர்த்தி ரத்தானது. வெயில் வட்டத்தில் தொலைவு ரத்தானதை நினைத்துக்கொள்ளுங்கள். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியற்பியலாளர் எடிங்டன் இதை வெளிப்படையாக மறுத்தார். நோபல் பரிசு 1983-இல் வந்தது.

படி 7: பால்வெளியும் அதற்கு அப்பாலும்

முதல் பாடத்தில் இது வேகமாக ஓடும், ஓடட்டும். மூன்று கணக்கு போதும்.

பால்வெளியின் மையத்தை எஸ்-2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பாதையின் அரைநெட்டச்சு பூமி-சூரியன் தொலைவைப்போல் சுமார் 1000 மடங்கு. கெப்ளர் விதிப்படி ஆயிரத்தின் கனத்தைப் பதினாறின் வர்க்கத்தால் வகுங்கள். மையத்தில் இருப்பதன் நிறை 39 லட்சம் சூரிய நிறை. 2020-இல் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் ரைன்ஹார்ட் கென்ஸெலுக்கும் நோபல் பரிசு தந்த வேலையின் மைய எண் உங்கள் நோட்டில் ஒரு வரியில் வந்துவிட்டது.

சூரியன் பால்வெளியைச் சுற்றும் வேகம் நொடிக்கு சுமார் 230 கிலோமீட்டர், மையத்திலிருந்து 8 கிலோபார்செக் தொலைவில். உள்ளே இருக்கும் நிறையைக் கணக்கிட்டால் 10¹¹ சூரிய நிறை. இன்னும் வெளியே போகப்போக வேகம் குறைய வேண்டும், பல விண்மீன் மண்டலங்களில் குறையவில்லை. 1970-களில் வேரா ரூபின் காட்டிய இந்த முரண்தான் இருண்ட பொருளுக்கு வலுவான சான்றுகளில் ஒன்று.

அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியைத் தலைகீழாக்கினால் அண்டத்தின் வயது தோராயமாகக் கிடைக்கும்: சுமார் 1400 கோடி ஆண்டு. மெகாபார்செக்கை கிலோமீட்டராக மாற்றும்போது மட்டும் கவனம்.

படி 8: வாரத்தை எப்படிப் பிரிப்பது

வகுப்பு நடந்த அன்றே வருவிப்பைப் புத்தகம் பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பாருங்கள். சிக்கிக்கொள்ளும் வரியைச் சிவப்பால் குறியுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் 'சார், இந்தப் பாடம் புரியல' என்று சொல்லாதீர்கள், 'சார், இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது?' என்று கேளுங்கள். பதில் உடனே கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து கணக்கு, ஐந்தும் முழுதாக. விடைப் பக்கத்தைத் திறக்கும் முன் விடை பத்தின் எந்த அடுக்கில் வரும் என்று ஊகித்து எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் இன்டர்னல் தேர்வில் அந்த விண்மீன் பால்வெளியை விழுங்கியிருக்காது.

புத்தகம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கதையாகச் சொல்வது, ஒன்று வருவிப்போடு சொல்வது. நான்கு புத்தகங்களை மாற்றி மாற்றிப் புரட்டுவதில் நேரம் போகும், பாடம் ஏறாது. செமஸ்டர் தேர்வுக்கு வரியல் தேற்றம், ஜீன்ஸ் நிறை, சமநிலைச் சமன்பாடு, சாகா சமன்பாட்டின் பயன்பாடு ஆகியவற்றைப் பழைய கேள்வித்தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் ஜாம், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகளுக்கு வானியற்பியலைவிட அடிப்படை இயற்பியல்தான் முக்கியம். கோடை விடுமுறைக்கு இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பியுங்கள். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையில் இருக்கிறது. துறைத் தலைவரிடம் எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஒரு பயணம் ஏற்பாடு செய்ய முடியும்.

படி 9: கார்த்திகையை நீங்களே அளப்பது

நோட்டின் கடைசிப் பக்கங்கள் இதற்கு. கார்த்திகை, அறுமீன் என்று நாம் சொல்லும் கூட்டத்தின் தரவு கையா இணையக் காப்பகத்தில் எல்லோருக்கும் இலவசம். கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் டாப்கேட் என்ற மென்பொருளில் செய்யலாம்.

வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் +24.1 பாகை. இதைச் சுற்றி இரண்டு பாகை ஆரத்துக்குள் உள்ள விண்மீன்களை இறக்குங்கள். ஆயிரக்கணக்கில் வரும். அவற்றில் பெரும்பாலானவை கார்த்திகைக்குச் சொந்தமில்லை, பின்னணியில் நிற்பவை. இடமாறு தோற்றம் 7.4 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். அடுத்து, வானில் அவை ஆண்டுதோறும் நகரும் அளவைக் கிழக்கு-மேற்காக ஓர் அச்சிலும் வடக்கு-தெற்காக மற்றோர் அச்சிலும் வரையுங்கள். +20, −45 மில்லி ஆர்க்செகண்டுக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஒரு கொத்தாகத் திரண்டிருக்கும். அந்தக் கொத்துதான் கார்த்திகைக் குடும்பம். எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து போகின்றன.

கொத்தை மட்டும் எடுத்து, கிடை அச்சில் நிறம், செங்குத்து அச்சில் தனிப் பொலிவெண் (விண்மீனை 10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவெண்) போடுங்கள். தனிப் பொலிவெண்ணுக்கு, தோற்றப் பொலிவெண்ணோடு 5 × லாக் கூட்ட வேண்டும், லாக்கின் உள்ளே மில்லி ஆர்க்செகண்டில் உள்ள இடமாறு தோற்றத்தை நூறால் வகுத்துப் போட வேண்டும். செங்குத்து அச்சைத் தலைகீழாக்க மறக்காதீர்கள், எண் குறைந்தால் ஒளி அதிகம். மேல் இடமிருந்து கீழ் வலம்வரை ஒரு மெல்லிய கோடு விழும். அதற்குச் சற்று மேலே இன்னொரு மங்கலான கோடு இணையாக ஓடும். அவை இரட்டை விண்மீன்கள். இரண்டும் ஒரே மாதிரியானவை என்றால் ஒளி இரு மடங்கு, பொலிவெண்ணில் 0.75 வித்தியாசம். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இருக்கும்.

அதை முடித்தவர்களுக்கு இன்னொரு பயிற்சி. கார்த்திகைக்குப் பக்கத்தில் ரோகிணி இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கவைபோல் விரிந்திருக்கும் கூட்டம் ஹையடீஸ். அதற்கு இடமாறு தோற்றம் சுமார் 21 மில்லி ஆர்க்செகண்ட், ரோகிணிக்குச் சுமார் 50. இரண்டின் தொலைவையும் கணக்கிட்டு, ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். எழுதிவிட்டு மாடிக்குப் போய் அதை ஒருமுறை பாருங்கள்.